பாடும் கற்கள்

கேள்வி: கட்டடத்தையே வாத்தியமாக்கி, போகிறவர் வருகிறவரெல்லாம் வாசிக்கும்படி வைக்கிறார்களாமே கலைஞர்கள்! நம் பக்கம் உண்டா?
(வாசகர், மைசூரு)

பதில்: உங்கள் மாநிலத்திலேயே, ஹம்பி விட்டலர் கோயிலில் பாடும் தூண்கள் உண்டு. தட்டத்தான் தடை, தட்டித் தட்டியே தூண்களை நோகடித்துவிட்டோம். தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலில் பலிபீடப் படிகளே பாடும். பாவம், இன்று கம்பிவேலிக்குள்! நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்திலோ ஒரே கல்லில் பெரிய தூண், அதைச் சுற்றிப் பிள்ளைகளாக ஒல்லித் தூண்கள். பருமன் மாறினால் சுருதி மாறும். கூடுதலாக ஒரு கொத்து விழுந்தால் ஸ்வரம் போச்சு, திரும்ப ஒட்டவா முடியும்? அந்தச் சிற்பிக்குக் காதுதான் அளவுகோல். விரல் துறுதுறுக்கிறதா? ஆரோவில்லில் ‘ஸ்வரம்’ பட்டறை இருக்கிறது. அங்கே ஒலிக்கற்களை ஆசைதீர வருடலாம்.