கடாரத்துச் சில்லுகள்: யான் வட்டாரத்தின் இன்டெல், ஏஎம்டி வழக்கு குறித்து ஓர் ஆய்வு

கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவைப் பற்றி அறிஞர்கள் எழுதாமல் விட்டது அதிகமில்லை. 1025இல் வந்த ராசேந்திர சோழனின் கப்பற்படை முதல் பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த செங்கல் வரை எல்லாவற்றுக்கும் கட்டுரை உண்டு, மறுப்புக் கட்டுரையும் உண்டு. ஆனால் அதே குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், யான் மாவட்டத்துக் கோப்பிக்கடைகளில், எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் பருவந்தோறும் மூளும் வழக்கு ஒன்று மட்டும் ஆய்வுலகின் கண்ணில் படாமலே கிடக்கிறது. உள்ளே இருக்கவேண்டிய சில்லு இன்டெல்லா, ஏஎம்டியா என்பதே அந்த வழக்கு. இக்குறையைப் போக்க முன்வந்திருக்கிறது இக்கட்டுரை. யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். முனைவர் பட்ட ஆய்வுகளையும் யாரும் கேட்டு எழுதுவதில்லை.

ஆய்வுக் களம்

யான் ஒரு நெல் மாவட்டம். மேற்கே மலாக்கா நீரிணை, பின்னால் 1,217 மீட்டர் உயர மலை, நடுவில் மூடா வாய்க்காலின் தண்ணீர் குடிக்கும் வயல்கள். தமிழர் வாழ்வு பெரிதும் ரப்பர் இருந்த பக்கம்: குவார் செம்பெடாக், மாவட்ட எல்லை தாண்டினால் குருண், பீடோங். பீடோங் அருகே ஹார்வர்ட் என்ற பெயரிலேயே ஒரு தோட்டம் உண்டு. அங்கே மங்குத் துடைத்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் "எங்க தாத்தா ஹார்வர்டுல்ல இருந்தாரு" என்று சொன்னால் மறுக்க முடியாது.

இந்த மாவட்டத்தில் பெரிய கம்ப்யூட்டர் கடை எதையும் எதிர்பார்க்கக் கூடாது. வடக்கே அலோர் ஸ்டார், தெற்கே சுங்கை பட்டாணி, மனசு விரிந்தால் பாலம் தாண்டிப் பினாங்கு, மனசும் உடம்பும் ஒத்துழைக்காவிட்டால் ஷாப்பி. ஆகவே கடைக்காரரின் குறுக்கீடு இல்லாமலே விவாதம் உள்ளூரில் முதிர்ச்சி அடைகிறது. வாங்கப் போகும்போது தீர்ப்பு எழுதி முடிந்திருக்கும். கடைக்காரத் தவுக்கே வேறு எதையாவது காட்டினால் அவருக்குக் கமிஷன் என்று பொருள்.

குலமுறை கிளத்தல்

இரு தரப்பாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கலிபோர்னியாவின் ஃபேர்சைல்டு நிறுவனத்திலிருந்து வெளியேறிய ராபர்ட் நாய்ஸும் கோர்டன் மூரும் 1968இல் இன்டெல்லைத் தொடங்கினார்கள். அதே ஃபேர்சைல்டிலிருந்து வெளியேறிய ஜெர்ரி சாண்டர்ஸ் தம் கூட்டாளிகளோடு 1969 மே மாதம் ஏஎம்டியைத் தொடங்கினார். அடுத்து நடந்ததுதான் நம் ஆய்வுக்கு முக்கியம். 1972இல் இரண்டும் கடல்கடந்து வந்து கடை விரித்த இடம் ஒன்றே: பினாங்கின் பாயான் லெப்பாஸ் தாராளத் தொழில் வட்டாரம். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தொழிற்சாலை அதுதான், அதுவும் 5 ஏக்கர் நெல்வயலில். வானம் தெளிந்த நாளில் ஜெராய் உச்சியில் ஏறிப் பார்த்தால் தெரியும் தீவு அது. யான்காரர் வயலைப் பார்த்துக்கொண்டே சண்டை போடும் இரண்டு சில்லுகளும் நெல்வயலிலிருந்து வந்தவை என்பதை மானிடவியலாளர்கள் கவனிக்கவேண்டும்.

இந்த உறவு அதோடு நிற்கவில்லை. ஐபிஎம் தன் கணினிக்கு இன்டெல் சில்லைத் தேர்ந்தபோது இரண்டாவதாக ஒருவரும் அதைச் செய்து தரவேண்டும் என்று கேட்டது. 1982 ஒப்பந்தத்தின்படி ஏஎம்டி இன்டெல்லின் வடிவமைப்பையே செய்து விற்றது. பிறகு இன்டெல்லின் 386 சில்லு வந்ததும் பங்காளிச் சண்டை, நீதிமன்றம், வாய்தா. எண்ணுக்கு வணிக உரிமை கிடைக்காது என்று தெரிந்த இன்டெல் 1993இல் 586 என்று பெயர் வைக்காமல் பெண்டியம் என்று வைத்தது. 2003இல் ஏஎம்டி 64 பிட் முறையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே இன்டெல் அதைத் தன் சில்லுகளுக்கும் எடுத்துக்கொண்டது. இன்று எந்த இன்டெல் கணினியும் ஏஎம்டி வகுத்த கட்டளைகளில்தான் ஓடுகிறது. எந்த ஏஎம்டி கணினியும் இன்டெல் போட்ட அடித்தளத்தில்தான் நிற்கிறது. 2009இல் இன்டெல் 125 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து ஏஎம்டியுடன் வழக்கை முடித்தது. குவார் செம்பெடாக்கில் வழக்கு முடியவில்லை.

வாதங்களின் வகைப்பாடு

முதலாவது, தொழிற்சாலை வாதம். இது மிகத் தொன்மையானது, சான்று கேட்டால் கோபம் வரக்கூடியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வேலை குறைந்த ஆண்டுகளில், பெரட்டுக்கு நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறினார்கள். நுண்ணோக்கியில் கண் வைத்து மெல்லிய கம்பி இணைத்தவர்கள், சோதனைப் பிரிவில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்கள், இவர்கள் எல்லோருக்கும் சில்லு ஒரு வணிகப் பெயர் அல்ல, ஓவர்டைம். 1990களில் கூலிம் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் இன்டெல் கெடா மண்ணுக்கே வந்துவிட்டது. அதன்பின் கெடாக்காரர் ஏஎம்டி வாங்குவது ஊர்த் துரோகம் என்ற துணைவாதமும் பிறந்தது. ஒரு மாமாவுக்கும் அவர் அக்கா மகனுக்கும் நடந்த பேச்சு இந்த வகைக்குத் தகுந்த மாதிரி:

"டேய், பதினெட்டு வருசம் அந்தச் சாமான டெஸ்ட் பண்ணுனவன்டா நான். எனக்கே சொல்லித் தர்றியா?"

"மாமா, நீங்க டெஸ்ட் பண்ணுனது பெண்டியம் லா. இப்ப வர்றது வேற."

"வேறனா? பேரு அதே பேருதான?"

மாமாவின் இந்தக் கேள்விக்கு நிறுவனத்தின் விளம்பரப் பிரிவாலும் பதில் சொல்ல முடியாது.

தொழிற்சாலை வாதத்தின் பலம் சில்லின் முதுகில் இருக்கிறது. உலோக மூடியின்மேல் இன்டெல் 'மலாய்' என்று ஊர் பெயர் பொறித்து அனுப்பும். பழைய ஏஎம்டி அத்லான்களிலும் மலேசியாவில் கோர்க்கப்பட்டது என்ற வரி இருக்கும். தொழிற்சாலை வாதத்தின் பலவீனமும் அதே மூடிதான். ஏனென்றால் சிலிக்கான் தகடு அங்கே விளையவில்லை. தகடு ஓரிகனிலோ அயர்லாந்திலோ இஸ்ரேலிலோ, அந்நாளைய ஏஎம்டியாக இருந்தால் ஜெர்மனியின் டிரெஸ்டனிலோ செதுக்கப்பட்டு, பினாங்குக்கு வந்து வெட்டப்பட்டு, ஒட்டப்பட்டு, சோதிக்கப்பட்டுப் போகும். இப்போது கதை இன்னும் சிக்கல். ஏஎம்டியின் சில்லுகள் தைவானின் டிஎஸ்எம்சியில் தயாராகின்றன. 2024இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் சில்லின் கணக்குப் பகுதியும் அதே டிஎஸ்எம்சியில்தான் தயாரானது. பாயான் லெப்பாஸின் ஏஎம்டி ஆலையில் 2016 முதல் சீனத்தின் டோங்ஃபூ நிறுவனம் பெரும்பங்குதாரர். மண்ணின் மைந்தர் வாதத்துக்கு ஒரே ஆறுதல், 2025 மார்ச்சில் இன்டெல்லின் தலைவரான லிப் பூ டான் ஜொகூரின் மூவாரில் பிறந்தவர் என்பது. ஜொகூர்க்காரரைக் கெடாக்காரர் சொந்தம் என்று ஒப்புக்கொள்வது கால்பந்து நாட்களில் கொஞ்சம் சிரமம்.

இரண்டாவது, சூட்டு வாதம். ஏஎம்டி சுடும் என்பது இவ்வட்டாரத்தில் பழமொழி அளவுக்கு உயர்ந்துவிட்டது. இதற்கு வேர் உண்டு. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இதழ், ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றிப் படம் எடுத்தது. பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது, அத்லான் புகைந்தது. ஓடும்போது ஹீட்சிங்கைக் கழற்றும் பழக்கம் யானில் யாருக்கும் இல்லை. ஆனாலும் கருத்து நிலைத்தது. இன்றைய நிலவரம் தலைகீழ். இன்டெல் ஐ9 14900கே உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். விளையாட்டுக்காரர்கள் தேடும் ரைசன் 7 7800எக்ஸ்3டி சில்லுக்கு ஏஎம்டி குறித்திருப்பது 120 வாட். 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகள் மிகை மின்னழுத்தத்தால் தடுமாறி, நிறுவனமே உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. ஏஎம்டிகாரர்கள் இதைச் சொல்லிக் கைதட்டும்போது 2023இல் அதே மின்னழுத்தக் கோளாறால் ரைசன் 7000 சில்லுகள் சில கருகியதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

மூன்றாவது எண் வாதம். இதுதான் அதிகப் பணம் தின்பது. இன்டெல் 3, 5, 7 என்று வரிசை வைத்தது. 2017இல் ரைசன் வந்தபோது ஏஎம்டியும் 3, 5, 7 என்றே வைத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 7 என்றால் நம் பிள்ளைக்கு 5 எப்படிப் போதும்? இந்த உணர்ச்சியை நம்பித்தான் செகண்ட்ஹேண்ட் சந்தை வாழ்கிறது. 2013இல் வந்த ஐ7 4770 சில்லில் 4 கோர், 8 திரெட். 2022இல் வந்த ஐ3 12100 சில்லிலும் 4 கோர், 8 திரெட். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தம்பிச் சில்லு அண்ணனைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். போதாக்குறைக்கு, 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது; விண்டோஸ் 11 அந்தப் பழைய ஐ7ஐச் சேர்த்துக்கொள்ளாது. லேப்டாப்பில் இன்னொரு மாயம். ரைசன் 5 7520யூ என்ற பெயரில் 7000 வரிசை புதுசாக மின்னும், உள்ளே இருப்பது 2019 காலத்து ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வயதைச் சொல்லும்: 2 என்றால் ஜென் 2, 4 என்றால் ஜென் 4. 2023 டிசம்பரில் இன்டெல் இதை எடுத்துக்காட்டி ஏஎம்டியைக் கிண்டல் செய்தது. அதே ஆண்டு தன் 13ஆம் தலைமுறை மேசைச் சில்லுகளுக்குப் புதுச்சட்டை மாட்டி 14ஆம் தலைமுறை என்று விற்றதும் இன்டெல்தான்.

கோர் அதிகமானால் வேகம் அதிகம் என்ற நான்காவது வாதத்துக்குத் தோட்டத்து விளக்கமே போதும். நிரைக்கு எட்டுப் பேர் இறங்கினால் வெட்டு சீக்கிரம் முடியும். ஒரே மரத்தை எட்டுப் பேர் வெட்ட முடியாது. வீடியோ வெட்டி ஒட்டும் பிள்ளைக்கு எட்டுப் பேர் வேண்டும். பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் போடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரே மரம்தான், அங்கே ஒருவரின் கைவேகமே கணக்கு. பள்ளி வேலைக்கு வேர்டும் பவர்பாயிண்டும் திறந்து பின்னால் யூடியூப் ஓடவிடும் பிள்ளைக்கு எந்தச் சில்லும் போதும், 8 ஜிபி ரேமை 16 ஆக்கியிருந்தால். இதை யாரும் கோப்பிக்கடையில் சொல்வதில்லை, சொன்னால் விவாதம் அதோடு முடிந்துவிடும்.

களச் சான்றுகள்

வாங்கும் இடத்தில் உண்மையில் காசைக் காப்பாற்றும் செய்தி இரண்டே. ஒன்று, எஃப் என்ற எழுத்து. இன்டெல் சில்லின் பெயர் எஃப்பில் முடிந்தால் உள்ளே திரைக்கான கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று ஐ5 12400எஃப் வாங்கி, தனி கிராபிக்ஸ் அட்டை வாங்காமல் வீட்டுக்கு வந்து மாட்டினால் மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ரைசன் 5 5600 சில்லிலும் இதே கதை. கிராபிக்ஸ் வேண்டுமானால் பின்னால் ஜி போட்ட 5600ஜி கேட்டு வாங்கவேண்டும். திரை வராததைப் பார்த்து மாமா "அப்பவே சொன்னேன்" என்பார். ஆனால் அவர் சொன்னது வேறு காரணத்துக்காக.

மற்றொன்று, சில்லை மாட்டும் சாக்கெட். இன்டெல் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடும், அதோடு மதர்போர்டும் போகும். 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டு பலவற்றில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை மாட்டலாம். மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளி சேர்த்து வாங்கும் குடும்பத்துக்கு இது வாதமல்ல, சேமிப்பு.

இத்தனை சண்டைக்கும் நடுவே, 2024 அக்டோபரில் இன்டெல்லும் ஏஎம்டியும் சேர்ந்து, செல்போன் வழியாக வளர்ந்த ஆர்ம் சில்லுகளை எதிர்கொள்ள, பொது ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தன. வாட்ஸ்அப் குழுவில் இரு தரப்பாரும் அந்த மாதமும் மோதிக்கொண்டார்கள், கையிலிருந்த போனில் ஓடிய ஆர்ம் சில்லு வழியாகவே.

இவ்வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சாவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தினால் சில்லு கடைசி. முதலிடம் இடிமின்னல். மாலை மழையில் மின்னல் இறங்கினால் மோடமும் அதன் வயர் வழியாக மதர்போர்டும் போகும். இன்டெல் ஸ்டிக்கர் ஒட்டி இருக்கிறதா, ஏஎம்டி ஸ்டிக்கர் ஒட்டி இருக்கிறதா என்று மின்னல் பார்ப்பதில்லை. அடுத்தது, கேசிங்கோடு இலவசமாக வந்த மலிவான பவர் சப்ளை. அதற்கடுத்தது உள்ளே குடிபுகுந்த எறும்பும் பல்லியும்.

நான்காவது, யானுக்கே உரியது: அறுவடைத் தூசு. இயந்திரம் வயலில் இறங்கி வைக்கோலும் உமியும் பறக்கும் வாரங்களில் சன்னலோரம் இருக்கும் கணினியின் மின்விசிறி அதை எல்லாம் உள்ளிழுத்து ஹீட்சிங்கின் இடுக்கில் கம்பளியாகத் தைத்துவிடும். மூடா வாய்க்கால் வந்தபின் இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம். ஆகவே கணினிக்கும் ஆண்டுக்கு இரண்டு துப்புரவு. ஏஎம்4 வைத்திருக்கும் பிள்ளைகள் அப்போது ஹீட்சிங்கை எடுத்த எடுப்பில் நேராகத் தூக்கக் கூடாது. கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பசையை இளக்கி, மின்சாரத்தை அணைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே எடுக்கவேண்டும். இல்லையென்றால் சில்லு சாக்கெட்டை விட்டு ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு 1331 ஊசிகளில் எது வளைந்தது என்று டார்ச் அடித்துத் தேடி, உள்ளே குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சில் முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தும் வேலைதான் மிச்சம். மாமா அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு வருவார்.