காக்காய்க்கும் கணக்கெடுப்பா?

கேள்வி: பொங்கல் லீவில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நாலு பேர் பைனாகுலரும் நோட்டுமாக நின்று காக்காய், மைனாவையெல்லாம் எண்ணுகிறார்கள். வேறு வேலையே இல்லையா?

பதில்: மனிதர்களுக்கு 2021-ல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. பறவைகளுக்கோ 2015-லிருந்து பொங்கலுக்குப் பொங்கல் நடக்கிறது. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை என்பதால் தகராறும் இல்லை! குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது அத்தனையையும் எழுதி இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். 'காக்காய்தானே' என்று விட்டுவிட்டால் பட்டியல் முழுமையாகாது. அபூர்வப் பறவை காணாமல் போனால் பேப்பரில் வரும். மைனா குறைந்தால் இந்த நோட்டு மட்டும்தான் சொல்லும். 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை அலசியதே, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி எழுதித் தந்த பட்டியல்களை வைத்துத்தான்.

கேள்வி: எண்ணியாயிற்று. பறவையைக் காப்பாற்ற ஊர்க்காரன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சில சமயம், ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. தங்கும் இடத்துக்கு வாடகையை எருவாகக் கட்டிவிடும் இப்படிப்பட்ட குடித்தனக்காரர் உங்கள் தெருவில் யாராவது உண்டா? எண்ணுகிறவர்களைத் திட்டாதீர்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அப்படியே கண்மாயை ஆக்கிரமித்தவர்களையும் எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில்தான் இனங்கள் அதிகம்!