வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விட்டவருக்கு

அனுப்புநர்:
பயனாளி (ஒதுக்கீட்டு ஆணையில் எனக்கு அதுதான் பெயர்),
முன்பு: சைதாப்பேட்டை, அடையாற்றங்கரை.
தற்போது: பெரும்பாக்கம், எட்டு மாடிக் கட்டடம், ஐந்தாவது மாடி.

பெறுநர்:
உயர்திரு ஆக்கிரமிப்பு அகற்றும் அலுவலர் அவர்கள்.
(எந்தத் துறை என்று கேட்டால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டுகிறது. ஆகவே மீதி முகவரியைத் தபால்காரர் பொறுப்பில் விட்டிருக்கிறேன்.)

பொருள்: வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்தில் விட்டமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. 2015 டிசம்பர் வெள்ளம். 2. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். 3. இனி வரப்போவது.

ஐயா,

வணக்கம். மனு எழுதியே பழகிய கை இது. தெருக்குழாய்க்கு மனு, பட்டாவுக்கு மனு, விளக்குக் கம்பத்துக்கு மனு. முதன்முறையாக நன்றி சொல்ல எழுதுகிறேன். நடை கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்கொள்ளவும்.

2015 டிசம்பர் முதல் தேதி ஆறு எங்கள் வீட்டுக்கு வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த குண்டான் தானாகவே மிதந்து வாசலுக்குப் போனது மட்டும்தான். பிள்ளையைத் தோளில் போட்டு, ரேஷன் கார்டை பிளாஸ்டிக் பையில் சுருட்டி இடுப்பில் செருகி, பள்ளிக்கூடத்து மாடியில் ஏறிக்கொண்டோம். தண்ணீர் வடிந்தது. பின்னாலேயே தாங்கள் வந்தீர்கள்.

ஆறு சாமான்களைக் கொண்டுபோனது, ஆனால் சுவரை விட்டுவைத்தது. தாங்கள் அதையும் பாக்கி வைக்கவில்லை.

அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டில் செங்கல்லால் கட்டியது அது ஒன்றுதான். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று என் மாமியார் அடுப்புக்கரியால் அதில் கோடு போட்டு வைப்பார். 1985-க்கு முழங்காலில் ஒன்று. 2005-க்கு இடுப்பில் ஒன்று. 2015-க்குச் சுவர் போதவில்லை, உத்தரக்கட்டையில் போட்டார். எங்கள் கரையில் எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதற்கு எங்களிடம் இருந்த ஆவணம் அதுதான். ஜேசிபி ஒரே தள்ளில் அந்தக் கோப்பை முடித்துவைத்தது.

எல்லாம் எங்கள் நன்மைக்கே என்றீர்கள். நாங்கள் கரையில் குடியிருந்ததால்தான் ஆறு ஊருக்குள் புகுந்தது என்றும் சொன்னீர்கள். கேட்டதும் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. நாலு சவுக்குக் கட்டை, ஒரு தார்ப்பாய், இரண்டு சிமெண்ட் ஷீட்டு. இவற்றை வைத்து 29,000 கன அடியைத் திசை திருப்பியிருக்கிறோம் என்றால், எங்களை இடம் மாற்றியிருக்கக் கூடாது, பொதுப்பணித் துறையில் வேலைக்கு எடுத்திருக்க வேண்டும். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று எழுதியது. எந்த மனிதர் என்று நாங்கள் தேடி அலையும் சிரமம் ஏற்படாமல், தாங்கள் நேரே எங்கள் கதவில் எண் எழுதிப் போனீர்கள்.

என் மகள் தமிழ்ப் புத்தகத்தில் செய்வினை, செயப்பாட்டு வினை படித்தபோதுதான் தங்கள் அலுவலகத்தின் இலக்கணம் எனக்குப் புரிந்தது. 1920-களில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுப்பப்பட்டது. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நடப்பட்டன. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டப்பட்டது. எல்லாம் செயப்பாட்டு வினை. செய்தவர் யார் என்பது வாக்கியத்திலேயே கிடையாது, ஆகவே நோட்டீஸ் ஒட்டக் கதவும் கிடையாது. 'குடிசைவாசிகள் ஆற்றை ஆக்கிரமித்தனர்' என்பது மட்டும் செய்வினை. அதில் எழுவாய் முதல் ஆளாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

2015-இல் விமான நிலையமும்தான் மூழ்கியது. சில நாளில் விமானங்கள் பறக்கத் தொடங்கின. ஓடுபாதையைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றச் சொல்லி யாரும் அதற்கு டோக்கன் கொடுக்கவில்லை. ஓடுபாதைக்கு அரையாண்டுத் தேர்வு இல்லை என்பதால் அது போயிருந்தாலும் நஷ்டமில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இருந்தது. பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே லாரியில் ஏற்றினீர்கள். 2019 டிசம்பரில் கூவம் கரையின் சத்தியவாணி முத்து நகரிலும் படிப்பின் நடுவிலேதான் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒருமுறை நடந்தால் தவறு என்போம். மறுபடியும் அதே மாதத்தில் நடந்தால் பாடத்திட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி, தாங்கள் கொடுத்த இடத்தைப் பற்றி.

பெரும்பாக்கத்தை ஒட்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது. அங்கே தண்ணீர் நிற்கும், நிற்கத்தான் வேண்டும் என்று உலகமே ஒப்புக்கொண்டு முத்திரை குத்திய இடம். அந்த ராம்சர் ஒப்பந்தம் ஈரானில் கையெழுத்தானது 1971-இல். தமிழ்நாட்டில் குடிசைப் பகுதிகளை மேம்படுத்தவும் அகற்றவும் சட்டம் வந்ததும் அதே 1971-இல். ஈரநிலத்துக்கும் குடிசைக்கும் ஒரே வருஷ ஜாதகம். பொருத்தம் பார்த்தவர் யாரோ தெரியாது, கடைசியில் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துவிட்டார்.

எங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்தது பெருங்குடிக் குப்பை மேடு. நகரத்துக்கு வேண்டாதவை இரண்டு. இரண்டையும் ஒரே திசைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். குப்பைக்குப் பிறகு, எங்களைப் போல அகற்றப்பட்டவர்களுக்குக் கண்ணகி நகர். சுனாமிக்குப் பிறகு, கடலோரம் இருந்தவர்களுக்குச் செம்மஞ்சேரி. அப்புறம் நாங்கள். கடலுக்குப் பயந்தவர்களும் ஆற்றுக்குப் பயந்தவர்களும் சதுப்பில் சந்தித்துக்கொண்டோம். குப்பையை இப்போது தரம் பிரித்து அகற்றி நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. மூத்த குடிக்கு முன்னுரிமை, நியாயம்தான்.

வசதியானவர்களை 'மேட்டுக்குடி' என்று தமிழில் சொல்வதை ஏதோ உவமை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, அது நில அளவைக் குறிப்பு.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் இங்கே சுற்றிலும் தண்ணீர். ஐந்தாவது மாடியில் நனையவில்லை, உண்மை. ஆனால் மின்சாரம் போனதும் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை, லிஃப்ட்டும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளம், குடிக்க ஒரு சொம்பு கிடையாது. ஆற்றங்கரையில் வெள்ளம் வந்தால் பத்தடியில் பள்ளிக்கூடம், எதிர்ச்சாரியில் வேலை பார்க்கும் வீடு, தெருமுனையில் கடன் கொடுக்கும் கடை. எட்டு மாடியிலும் இப்போது எங்களைப் போன்றவர்கள்தான். யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுப்பது?

நிவாரணமாக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். வாங்கினோம், நன்றி. கார்டு இருப்பவர்களுக்கு டோக்கன், இல்லாதவர்களுக்கு விண்ணப்பம். தண்ணீர் மட்டும் கார்டு கேட்காமல் எல்லோருக்கும் கிடைத்தது.

'வெள்ளம் ஏழை பணக்காரன் என்று பேதம் பார்ப்பதில்லை' என்று அப்போது பலரும் உருகினார்கள். ஒத்துக்கொள்கிறேன், வெள்ளம் பார்ப்பதில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த மறுநாள் பார்க்கிறது. நான் வேலை செய்யும் வீட்டிலிருந்து போன் வந்தது. "மழைதான் விட்டுடுச்சே, ஏம்மா வரல? இங்க ஹால் பூரா சகதி." கெட்டவர்கள் இல்லை, மழைக்கு முந்தின வாரம்தான் எனக்குப் பழைய குடை ஒன்று கொடுத்தார்கள். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் போய் அவர்கள் வீட்டுச் சகதியைத் தள்ளிவிட்டு, இருட்டிய பிறகு வந்து என் வீட்டு மாடிப்படியைக் கழுவினேன். பெண்களுக்கு 2021-இலிருந்து சாதாரணப் பேருந்தில் காசு இல்லை, நல்ல காரியம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அதற்கும் கட்டணமில்லாச் சீட்டு கொடுத்தால் நன்றாக இருக்கும்.

அதே நாட்களில் வெளிமாவட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகத் தூய்மைப் பணியாளர்கள் வந்து இறங்கினார்கள். செத்த மாட்டையும் மிதந்து வந்த மெத்தையையும் அவர்கள்தான் அள்ளினார்கள். அவர்கள் எந்தெந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்று விசாரித்துப் பாருங்கள், ஐயா. ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், அவர்கள் தெருவுக்கு வேறு பெயர் இருக்கும். வெள்ளம் சாதி கேட்பதில்லை, சரி. சகதிக்கு மட்டும் சாதி எப்படித் தெரிகிறது?

வடக்கே எண்ணூரில் கதை வேறு, கணக்கு ஒன்றுதான். அதே புயலின்போது பொதுத்துறை எண்ணெய் ஆலையிலிருந்து வெளியேறிய எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. வலையும் படகும் கறுத்துப்போன மீனவர்களே அதைக் குவளையால் மொண்டு எடுத்தார்கள். சிந்தியது ஒருவர், துடைத்தது ஒருவர். எல்லா வீடுகளிலும் அப்படித்தானே நடக்கிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன வருஷம் எங்கள் குடியிருப்பிலிருந்து நாலு பேரை ஒரு கருத்தரங்குக்கு அழைத்துப் போனார்கள். கூடம் ஜில்லென்று இருந்தது. கடல் சூடாகிறது, அதனால் புயலுக்கு வலு கூடுகிறது, பெய்தால் ஒரே நாளில் கொட்டுகிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். கடல் சூடானதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பாதி நாள் அதுவும் எரியவில்லை. கடைசியில் பேசியவர் எங்களைக் காட்டி, "இவர்களிடம் அபாரமான மீள்திறன் இருக்கிறது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த அக்கா, அது என்ன வியாதி என்று என்னைக் கேட்டாள். அடித்தால் அழாத பிள்ளைக்கு அந்தப் பெயர் என்றேன். அழாத பிள்ளைக்கு இன்னும் இரண்டு அடி விழும் என்பதை மேடையில் யாரும் சொல்லவில்லை.

நன்றிக் கடிதத்தில் கோரிக்கை வைக்கக் கூடாதுதான். பழக்கதோஷம்.

1. அடுத்த முறை எங்களைக் குடியேற்றும் முன், அந்த இடத்தில் தண்ணீர் எத்தனை தலைமுறையாகக் குடியிருக்கிறது என்று பழைய நிலப் பதிவேட்டில் பார்க்கவும். அதற்குப் பட்டா இல்லை, ஆனால் அனுபவ பாத்தியதை இருக்கிறது.

2. ஆற்றின் மேல் நிற்கும் ஓடுபாதையை இடிக்க வேண்டாம். ஒரு நோட்டீஸ் மட்டும் ஒட்டவும். பசை நான் வாங்கித் தருகிறேன்.

3. ஆறு தாண்டாத மேடு ஆற்றங்கரைப் பக்கமே இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான மேடுகளும் இருக்கின்றன. அங்கே எங்களுக்கு வீடு கட்ட இடமில்லை என்றால், அதைச் செய்வினையில் எழுதித் தரவும். 'இடம் தர நான் மறுக்கிறேன்' என்று எழுவாயோடு.

4. எந்த வருஷமானாலும் ஏப்ரல் வரை பொறுக்கவும். பிள்ளைகள் பரீட்சை எழுதட்டும்.

என் மாமியார் இங்கே வந்த இரண்டாம் வருஷம் போய்ச் சேர்ந்தார். இந்த வீட்டுச் சுவரில் கரி பூசினால் அபராதம் என்று சொல்லியிருந்ததால் அவர் ஒரு கோடும் போடவில்லை. மிக்ஜாம் தண்ணீர் வடிந்த அன்று, கீழ்த்தளத்துப் படிக்கட்டுச் சுவரில் மகள் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் 2023 என்று எழுதிக்கொண்டிருந்தாள். முதல் படிக்குச் சற்று மேலே. ஏன் இவ்வளவு சின்னதாக எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"மேல எடம் வேணும்லம்மா" என்றாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயனாளி.

இணைப்பு: ஒதுக்கீட்டு ஆணையின் நகல். ஈரமாக இருக்கிறது, காயவைத்துப் படிக்கவும்.