சுவரைத் தட்டும் அண்ணாச்சி

பாபநாசத்தில் வீடு வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆனி, ஆடியில்தான் ஆசைப்படுவார்கள். அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கோயில் படித்துறையில் வந்து உட்காருவார்கள். மலையில் மேகம் இறங்கும்; முகத்தில் சாரல் தெறிக்கும். "ரிட்டயர் ஆனப்புறம் இங்கேயே ஒரு வீடு பாத்துட்டா என்ன?" என்று மனைவியைக் கேட்பார்கள். மனைவி பதில் சொல்வதற்குள் டீக்கடை பெஞ்சிலிருந்து குரல் வரும்: "தாராளமாப் பாக்கலாம் சார். ஆனா அவசரப்படப்பிடாது."

அவர்தான் அண்ணாச்சி. தரகர் இல்லை. தரகருக்கு நூற்றுக்கு இரண்டு. இவருக்கு ஒரு காபியும் இரண்டு உளுந்த வடையும். வீடு முடிந்தால் தரகருக்கு வருமானம், முடியாமல் இழுத்தால் அண்ணாச்சிக்குக் காபி. இந்தக் கணக்கு புரிந்த தரகர்கள் அவரைக் கண்டதும் அடுத்த சந்தில் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹார்வி துரைமார் ஆற்றுத் தண்ணீரை நம்பி இங்கே மில் வைத்ததே தம்மிடம் யோசனை கேட்டுத்தான் என்பதுபோலப் பேசுவார். அது பத்தொன்பதாம் நூற்றாண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "எந்தப் பாபநாசம்னு பாத்தியளா?" சிரிக்க வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கமும் ஒரு பாபநாசம் இருக்கிறது. ரயில் நிலையம் அதற்குத்தான். நம் ஊருக்கு அம்பாசமுத்திரத்தில் இறங்க வேண்டும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விரல் மொட்டியால் சுவரைத் தட்டுவார். டொக் என்றால் தலையாட்டுவார், பொத் என்றால் வீட்டுக்காரரைப் பார்ப்பார். அப்புறம் குனிந்து, முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டுவார்.

"தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துது?"

"நம்ம வீட்டுக்குத் தண்ணியே வரல, அண்ணாச்சி."

அண்ணாச்சி வாங்க வந்தவர் பக்கம் திரும்புவார். "விக்கிறவரைக் கேக்கப்பிடாது சார். எதிர்த்த வீட்டு ஆச்சியைக் கேக்கணும்."

எதிர்த்த வீட்டு ஆச்சி இதற்காகவே திண்ணையில் காத்திருந்தவள். "வரலன்னா சொல்லுதான்? அடுக்களையில அண்டா மிதந்துதே! கோழியெல்லாம் தட்டட்டிக்குத் தூக்கிட்டுப் போனோமே!"

1992 நவம்பர் முடிந்ததும் 2023 டிசம்பருக்கு வருவார். அதற்குப் பிறகு அணைகள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்தாலும் இது மறக்காது. காலையில் பேப்பரை விரித்ததும் நீர்மட்டம் பார்த்துவிட்டுத்தான் மரண அறிவிப்புக்கே போவார்.

பத்திரக் கட்டை அவிழ்த்ததும் அவர் வேறு ஆளாகிவிடுவார். பட்டா யார் பேரில், வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் போட்டது, புலப்படத்தில் உள்ள அளவும் வேலியும் ஒன்றா என்று வரிசையாகக் கேட்பார். "அடிமனை யாரோடது?" என்று கேட்கும்போது மட்டும் குரல் தாழும். கோயில் இடத்தில் தரைவாடகை கட்டிக் குடியிருக்கிற வீடுகள் ஆற்றங்கரை ஊர்களில் உண்டு. அங்கே நாம் வாங்குவது சுவரையும் ஓட்டையும்தான், மண்ணை அல்ல. பூர்வீகச் சொத்து என்றால், "கூடப் பிறந்த பொம்பளையாள் எத்தனை?" என்பார். 2005-இல் சட்டம் திருத்தியபின் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பம்பாயில் இருக்கிற தங்கச்சி கையெழுத்துப் போடவில்லை என்பது இந்த இடத்தில்தான் வெளியே வரும். "அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்று வீட்டுக்காரர் சொல்ல, அண்ணாச்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவார். கடைசியாகப் பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9. முப்பது லட்சத்துக்கு இரண்டு லட்சத்து எழுபதாயிரம் என்று அவர் சொன்னதும் மனைவிமார் கணவரைப் பார்ப்பார்கள்.

இதுவரை அண்ணாச்சி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் தள்ள மாட்டேன். காசு கொடுத்துக் கேட்டாலும் இவ்வளவு கிடைக்காது. அவருக்கு நிறுத்தத் தெரியாது என்பதுதான் சிக்கல். ஆற்றங்கரை வீடென்றால் வெள்ளம். மலையோரம் போனால் சிறுத்தை. "வேம்பையாபுரத்துல 2024-ல கூண்டு வச்சுப் பிடிச்சாங்கல்லா?" நடுவூர் என்றால் குரங்கு, தட்டட்டியில் வத்தல் காயப்போட முடியாது. தரை புதிதாகப் போட்டிருந்தால், "நம்ம ஊர்ப் பேர்ல வந்த கமல் படம் பாத்தியளா? அடியில என்ன கிடக்கோ!"

ஒரு குறையும் அகப்படாத வீட்டுக்கென்று தனி மருந்து வைத்திருக்கிறார். "சாரல்ல எந்த வீடும் நல்லாத்தான் இருக்கும் சார். ஐப்பசி அடைமழையில வந்து மச்சு ஒழுகுதான்னு பாருங்க. சித்திரையில வந்து கிணத்தைப் பாருங்க." அருமையான யோசனை. ஐப்பசியில் வந்து பார்த்தால் ஒழுகாது. சித்திரையில் வந்து பார்த்தால் கிணற்றில் தண்ணீர் கிடக்கும். திண்ணையில் வேறு யாரோ வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். வீடு தை மாதமே கிரயம் ஆகியிருக்கும். "நமக்குக் குடுத்து வைக்கல சார், வேற பாப்போம்" என்று அண்ணாச்சி காபிக்கடைப் பக்கம் நடப்பார்.

அவரைக் கேட்காமலே வாங்குகிறவர்களும் உண்டு. பால்காய்ச்சுக்கு முதல் ஆளாக வருவார். சுவரைத் தட்டுவார். விலை கேட்பார், எதைச் சொன்னாலும், "ரெண்டு லட்சம் கூடப் போயிட்டு" என்பார். பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, வீடு தேடி வந்து வாசலில் கூச்சத்தோடு நிற்கிற வேறொரு தம்பதியைக் கைதட்டி உள்ளே கூப்பிடுவார்.

"வாங்க சார், கூச்சப்படாதிய. நம்ம வீடுதான். இவுஹ எப்படியும் ரெண்டு வருஷத்துல வித்துருவாஹ."