பாதியில் பாதியைப் பயமின்றிப் பெருக்குவது எப்படி?

பின்னப் பெருக்கலுக்கு முதல் தேவை, ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை. இரவு ஒன்பதரை மணிக்கு நோட்டோடு வந்து நிற்கும். "அப்பா, இதுல கூட்டணுமா, பெருக்கணுமா?" தயங்காமல் "அம்மாவைக் கேள்" என்று சொல்லிவிடுங்கள். அம்மாவும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

கணக்கில் 'இல்' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். முக்காலில் பாதி, மீதியில் கால். அந்த 'இல்'தான் பெருக்கல் குறி. ('மூன்றில் இரண்டு' என்பதில் வரும் 'இல்' பின்னத்தின் சொந்தச் சொத்து, அதில் கை வைக்காதீர்கள்.)

அரை லிட்டர் பால். காலைக் காப்பிக்குக் கால் பங்கு போயிற்று. மீதியில் மூன்றில் இரண்டு பங்கைப் பூனை குடித்துவிட்டது. எவ்வளவு? 1/2 × 3/4 × 2/3. மேலே உள்ள 3-க்கும் கீழே உள்ள 3-க்கும் ஒரே கோடு, 2-க்கும் அப்படியே. விடை 1/4 லிட்டர், அதாவது 250 மில்லி. 'மீதியில்' என்ற சொல்லைக் கவனிக்காதவர்கள் 1/2 × 2/3 என்று போட்டு, குடிக்காத 83 மில்லிக்கும் சேர்த்துப் பூனையைத் திட்டுவார்கள்.

விடை சின்னதாகிவிட்டதே என்று பிள்ளை அழும். பெருக்கினால் பெருகத்தானே வேண்டும்? நியாயமான கேள்விதான். பதிலுக்கு நம் பழைய பெயர்களைச் சொல்லுங்கள். காலில் அரை, அரைக்கால்: 1/8. அதில் பாதி வீசம்: 1/16. அதிலும் பாதி அரைவீசம்: 1/32. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பெருக்கலும் முடிந்துவிடுகிறது. முந்திரி 1/320, அதை அதனாலேயே பெருக்கினால் கீழ்முந்திரி, 1/102400. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் ஒப்பித்தார்கள். நாம் பீட்சாப் படம் வரைந்து கொண்டிருக்கிறோம்.

அடுத்து ஆடித் தள்ளுபடி. 50 சதவீதம் போக, மிச்ச விலையில் இன்னும் 20 சதவீதம். ஆயிரம் ரூபாய்ப் புடவை 300-க்கு வரும் என்று மனம் சொல்லும். 1/2 × 4/5 = 2/5; ஆகவே 400. இதை வரிசையில் நின்றுகொண்டு மனைவிக்கு விளக்காதீர்கள். போன ஆடியில் நான் விளக்கினேன். பில் போடுகிறவர் பொறுமையாகக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் கேட்கவில்லை.

கடைசியாகச் சமையல். எட்டுப் பேருக்கான சாம்பாரை நாலு பேருக்குக் குறைக்க வேண்டும். பருப்பு முக்கால் டம்ளர் என்றால் அதில் பாதி 3/8, மூன்று அரைக்கால். எலுமிச்சை அளவு புளியில் பாதி, நெல்லிக்காய் அளவு. உப்பு, தேவையான அளவு. அதில் பாதியும் தேவையான அளவுதான்.