ரூபாயின் ஐந்தாவது கோலம்

திருநீர்மலைப் பெருமாளுக்கு நான்கு கோலம். அடிவாரத்தில் நீர்வண்ணராக நிற்கிறார். மலைமேல் நரசிம்மராக அமர்ந்திருக்கிறார், ரங்கநாதராகப் பள்ளிகொண்டிருக்கிறார், உலகளந்தவராக நடக்கிறார். நான்கையும் ஒரே ஊரில் சேவித்துவிடலாம் என்று வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: நம் நாட்டு ரூபாயும் இதே நான்கு கோலங்களில்தான் எழுந்தருளியிருக்கிறது. அதைச் சேவிக்கவும் இந்த வட்டாரத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

நின்ற கோலம் யாருக்கும் மறந்திருக்காது. அதில் நின்றது ரூபாய் அல்ல, நாம்தான். 2016 நவம்பர் 8, இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி தொலைக்காட்சியில் தோன்றினார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அன்று நள்ளிரவோடு வெறும் காகிதம். அப்புறம் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை வங்கி இருந்த இடமெல்லாம் வரிசை. ஏடிஎம்மில் நாளைக்கு 2,000 ரூபாய், கவுண்டரில் வாரத்துக்கு 24,000 ரூபாய். கணக்கு நம்முடையது, பணம் நம்முடையது, படியளந்தது அவர்கள். வந்தவனே திரும்பத் திரும்ப வந்து நோட்டு மாற்றுகிறான் என்று சந்தேகம் தட்டியதும் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். அதுவரை அந்த மை, ஆட்சியைத் தேர்ந்தெடுத்தவன் என்பதற்கு அடையாளம். அந்த வாரத்திலிருந்து, அதே ஆட்சி சந்தேகப்படுகிறவன் என்பதற்கும் அடையாளம்.

50 நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் பிரதமர். அந்த 50 நாளுக்குள் டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து சேர்ந்தது. மரம் சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, செல்போன் சிக்னல் செத்தது. கையில் ரொக்கம் கிடையாது, அதைத்தான் பிடுங்கிக்கொண்டார்களே. கார்டு உண்டு, தேய்க்கக் கரண்ட் கிடையாது. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருக்க, அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தாராம். தலபுராணம் சொல்கிறது. கொடுத்துவைத்தவர். காத்திருந்ததற்குப் பெருமாள் தரிசனமாவது கிடைத்தது. நமக்குக் கிடைத்தது, 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆண்டறிக்கை. செல்லாது என்று அறிவித்த 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது. கறுப்புப் பணம் மொத்தமும் குளித்து முழுகி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வெள்ளையாக வந்து சேர்ந்தது.

அப்படியானால் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டவர்களுக்குப் புதுக் காரணம் ஒன்று தயாராக இருந்தது: ரொக்கமில்லாப் பொருளாதாரம். அதற்கான அறிகுறி நவம்பர் 9 காலைப் பேப்பரிலேயே இருந்தது. பிரதமரின் படத்தைப் போட்டு அவரைப் பாராட்டி பேடிஎம் முதல் பக்க விளம்பரம் கொடுத்திருந்தது. ஊரே 500 ரூபாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்த காலையில் ஒருவருக்கு மட்டும் அவ்வளவு மகிழ்ச்சி. (2024 ஜனவரி கடைசியில் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் தொழிலுக்கே ரிசர்வ் வங்கி பூட்டுப் போட்டது. அதற்கு எந்தப் பேப்பரிலும் பாராட்டு விளம்பரம் வரவில்லை.)

இருந்த கோலம் வங்கிக்குள். ரூபாய் அங்கே சும்மா அமர்ந்திருந்தாலே போதும், கரையும். 2017 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று பாரத ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர்களிடம் வசூலித்த அபராதம் 1,771 கோடி ரூபாய். பணம் இல்லாததற்காகப் பணம் கட்டிய தொகை இது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக 1,000 ரூபாய் கணக்கில் விழுந்ததும், சில வங்கிகள் பழைய பாக்கி என்று அதிலும் கை வைத்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. அந்த 1,000 ரூபாய் தபால்காரர் கையிலிருந்து நேராக வந்திருந்தால், எந்த மேனேஜரும் வீட்டுக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்திருக்க முடியாது.

கிடந்த கோலத்தை மட்டும் நம்மால் சேவிக்க முடியாது, கருவறை வேறெங்கோ இருக்கிறது. ரொக்கத்தின் காலம் முடிந்துவிட்டது என்று தினமும் மேடையில் சங்கு ஊதுகிறார்களே, ரிசர்வ் வங்கியின் கணக்கு என்ன சொல்கிறது? 2016 நவம்பர் தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்தது ஏறத்தாழ 17.7 லட்சம் கோடி. 2025 மார்ச் முடிவில் 36 லட்சம் கோடிக்கும் மேல். இரட்டிப்பு! செத்துப்போனதாகச் சொல்லப்பட்டது இரண்டு மடங்கு கொழுத்துப் படுத்திருக்கிறது. எங்கே படுத்திருக்கிறது என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டாலே அவர் அட்டையைக் காட்டி ஸ்கேன் பண்ணச் சொல்கிறார்.

எங்கே என்று காட்டிக்கொடுத்தது நடந்த கோலம்தான். 2024 ஏப்ரல், மக்களவைத் தேர்தல் நேரம். தாம்பரம் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் பறக்கும் படை சோதனை போட்டது. மூன்று பேர், பைகள், ஏறத்தாழ 4 கோடி ரூபாய். ரொக்கம். கீரைக்காரர் வரைக்கும் கைப்பேசியில் பணம் வாங்கச் சொன்ன கட்சியின் வேட்பாளர் பெயர் அதில் அடிபட்டது. எனக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை என்றார் அவர். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. நான் வழக்குக்குள் போகவில்லை, அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நொடியில் காசு போய்ச் சேரும் வித்தையை உலகத்துக்கே கற்றுக்கொடுத்ததாக மார்தட்டும் நாட்டில், 4 கோடி ரூபாய் ஏன் இரவு ரயிலில் பெர்த் போட்டுத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும்? மற்ற கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2019-ல் 11 கோடிக்கும் மேல் பிடிபட்டு வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்துசெய்தபோது அடிபட்டது திமுக வேட்பாளரின் பெயர். அங்கேயும் மறுப்புதான்.

அதே தேர்தல் நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கொண்டுபோகக் கூடாது. மாடு விற்றுவிட்டு வருகிறவர், காய்கறி எடுக்கக் கோயம்பேட்டுக்குப் போகிறவர் எல்லோரும் நடுரோட்டில் இறங்கி, இந்தப் பணம் எப்படி வந்தது என்று போலீஸுக்குக் கதை சொல்ல வேண்டும். ரசீது கொடுக்கிற மாடு இன்னும் பிறக்கவில்லை.

ஆழ்வார்கள் பாடாத ஐந்தாவது கோலம் ஒன்று இப்போது வந்திருக்கிறது. பேசும் கோலம். மலையடிவாரத்தில் பூ, துளசி, தேங்காய், இளநீர் என்று எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு பெட்டி இருக்கிறது. ஸ்கேன் செய்ததும், “20 ரூபாய் பெறப்பட்டது” என்று செய்தி வாசிக்கிறது. முகூர்த்த நாளில், நீர்வண்ணர் சன்னதியில் வரிசையாகக் கல்யாணம் நடக்கும்போது, நாதஸ்வரத்துக்கும் இந்தப் பெட்டிகளுக்கும் போட்டியே நடக்கிறது.

யூபிஐயைக் குறைசொல்ல நான் வரவில்லை. 2016 ஏப்ரலில் அறிமுகமாகி, 2025 ஆகஸ்டில் மாதத்துக்கு 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிய ஏற்பாடு அது. மாநகரப் பேருந்தில் அதை முதலில் சோதித்ததே நம் பல்லாவரம் பணிமனை வண்டிகளில்தான். சில்லறை இல்லையென்றால் இறங்கு என்கிற கண்டக்டரின் அதட்டலிலிருந்து விடுதலை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? போதாக்குறைக்குப் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட புரளி. 2018-லேயே 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியும், நம்மூர்க் கடைகளில் அந்த நாணயத்தைத் தொடத் தயங்கினார்கள். அரசாங்கம் செல்லாது என்றால் வரிசையில் நிற்போம், செல்லும் என்றால் நம்ப மாட்டோம். 2016 கற்றுக்கொடுத்த பாடம் அப்படி.

என் கோபம் பெட்டி மேல் இல்லை, அது யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதில். பூக்கட்டும் அம்மாவுக்குப் பட்டன் போன்தான். அட்டையில் இருப்பது பேரனின் கணக்கு. பெட்டி நாள் முழுக்கப் “பெறப்பட்டது, பெறப்பட்டது” என்கிறது. அந்த அம்மா எதையும் பெறவில்லை. சாயங்காலம் வெற்றிலை வாங்கப் பேரனிடம் கேட்க வேண்டும். நாற்பது வருஷமாகச் சுருக்குப்பையில் புருஷனுக்கும் பிள்ளைக்கும் தெரியாமல் ஐந்தும் பத்தும் சேர்த்துப் பெண்ணுக்குக் கம்மல் போட்டவர். அந்தச் சுருக்குப்பைதான் கறுப்புப் பணம் என்று கண்டுபிடித்து ஒழித்திருக்கிறார்கள். கூடவே, பெட்டிக்கு மாத வாடகை. வரவைப் பார்த்துவிட்டு ஆப்பே கடன் கொடுக்கிறது, தினசரி வசூலில் பிடித்துக்கொள்கிறது. இதற்கு மார்க்கெட்டில் தண்டல் என்று பெயர். தண்டல்காரராவது மழை நாளில் ஒரு தவணை பொறுப்பார்.

கணக்கு தெரிந்ததும் வரி அதிகாரி வருவார். 2025 ஜூலையில் பெங்களூரில் டீக்கடை, பேக்கரி, காய்கறிக் கடைகளுக்கு யூபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும். ஆனால் விற்ற தொகையையும் லாபத்தையும் கைமாற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் தள்ளுவண்டிக்காரரும் கோடீஸ்வரர்தான். கடைக்காரர்கள் அட்டையைக் கிழித்துவிட்டு “ரொக்கம் மட்டும்” என்று எழுதி மாட்டினார்கள். எட்டரை வருஷப் பிரசாரம் எட்டே நாளில் காலி.

இந்த வெளிச்சம் மேலே அடிக்காது. 2018-ல் தேர்தல் பத்திரம் கொண்டுவந்தார்கள். யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியக் கூடாது, அதுதான் அதன் அழகே. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. விவரம் கொடுங்கள் என்று கேட்டால், விற்ற வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. 22,217 பத்திரங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். பூக்கார அம்மாவின் 20 ரூபாயை அரை நொடியில் தெருவுக்கே அறிவிக்கிற தேசம், ஆயிரம் கோடி கொடுத்தவரின் பெயரைத் தேட நான்கு மாதம் கேட்கிறது! நீதிபதிகள் அதட்டியதும் மறுநாளே பட்டியல் வந்தது. முதலிடத்தில் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி திமுகவுக்கு. லாட்டரிச் சீட்டை 2003-லேயே தடை செய்த மாநிலம் இது.

ரொக்கம் எதற்கு என்று இன்னும் கேட்பவர்கள் 2023 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வந்திருக்க வேண்டும். மிக்ஜாம் வெள்ளம். கரண்ட் இல்லை, டவர் இல்லை. கோடி ரூபாய் கணக்கில் கிடந்தவனும் பால் பாக்கெட்டுக்குக் கையேந்தினான். பழைய பர்ஸில் நூறு ரூபாய் வைத்திருந்தவர் அன்றைக்குப் பணக்காரர். அப்போது அரசாங்கம் என்ன செய்தது? டோக்கன் கொடுத்து, ரேஷன் கடை வாசலில் 6,000 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்தது. ரொக்கமாக. அவசரத்துக்கு எது உதவும் என்று ஆள்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ரொக்கத்தை ஏறக்குறைய மறந்தே போன ஸ்வீடன், 2024-ல் வீட்டுக்கு வீடு கையேடு அனுப்பி, போர், பேரிடர் சமயத்துக்குக் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. நம்மிடம் 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் யூபிஐ படுத்துக்கொண்டபோது, சாப்பிட்டுவிட்டு ஸ்கேன் செய்தவர்களெல்லாம் கல்லாவுக்கு எதிரே கைதிகளாக நின்றார்கள்.

ஒரு துறையில் மட்டும் ரொக்கத்தை அசைக்கவே முடியவில்லை. ஓட்டு. 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்து, மிச்சம் ஜெயித்த பிறகு என்றார்கள் எனப் புகார் எழுந்தது. ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்ட நோட்டு, வட்டச் செயலாளர் கையில் கூப்பனானது.

ஆகவே தாம்பரம் மாநகராட்சிக்குள் ஓட்டுக் கேட்டு வரப்போகும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனிமேல் நள்ளிரவில் கரண்டை அணைத்துவிட்டு, கதவைத் தட்டிக் கவர் கொடுக்கிற சிரமம் வேண்டாம். நெல்லை எக்ஸ்பிரஸில் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்காமல் போகவும் வேண்டாம். வாசலில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறோம், பட்டப்பகலில் வந்து ஸ்கேன் செய்யுங்கள். பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவைத்திருக்கிறோம். எந்தச் சின்னத்திலிருந்து எவ்வளவு பெறப்பட்டது என்று நாலு தெருவுக்குக் கேட்கட்டும்.