எல்லாரும் மெக்கானிக்

எங்கள் வீட்டு அம்பாசிடர் மானம் மரியாதை தெரிந்த வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும். தெருவே பார்க்க, என் மச்சான் பார்க்க, கம்பீரமாகத் திரும்பும். கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்த பிறகுதான் நிற்கும்.

உத்தரபாரா தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டதோடு அம்பாசிடர் நின்றுபோனது என்று எல்லாரும் எழுதினார்கள். என்னுடையது அதற்குப் பல வருஷம் முன்பே நிற்க ஆரம்பித்துவிட்டது.

புதுக் கார் நடுரோட்டில் நின்றால் ஹாரன்தான் அடிப்பார்கள். அம்பாசிடர் நின்றால் கூட்டம் கூடும், கூடியவர்கள் எல்லாரும் மெக்கானிக். ஓர் ஆட்டோ அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏர் லாக் சார், பெட்ரோல் பம்புல ஈரத்துணி போடுங்க" என்றார். போட்டேன். அரை மணி நேரத்தில் கிளம்பியது. அடுத்த தடவை ஈரத்துணியோடு போனேன். வேறொருவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு கார்பரேட்டரைக் கழற்றி ஊதினார். அதற்கும் கிளம்பியது. மின்வாரியத்தில் ரிட்டயரான பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரிதான் என்று அடித்துச் சொன்னார். மின்சாரத்தில் தலைமுடி நரைத்தவர் ஆயிற்றே என்று புதுசு வாங்கினேன். காயில் மாற்றினேன். பிளக் மாற்றினேன். மாமியார் ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றி முன் சக்கரத்தில் வைத்தார். உள்ளதைச் சொன்னால், மற்ற வைத்தியத்தைவிட எலுமிச்சம்பழத்துக்குத்தான் சீக்கிரம் கிளம்பியது.

சூட்சுமம் என்னவென்றால், என் வண்டிக்கு வந்திருந்தது சூட்டில் மட்டும் வரும் சீக்கு. பேட்டரி தருவது வெறும் 12 வோல்ட். அதைக் காயில் இருபதாயிரம் வோல்ட் பக்கமாக ஏற்றினால்தான் பிளக்கில் பொறி தட்டும். அப்படி ஏற, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்கிற இரண்டு உலோகப் பொட்டுகள் ஓயாமல் சேர்ந்து பிரிய வேண்டும். பிரிகிற கணத்தில் கரண்ட் அந்த இடைவெளியிலேயே பொறியாகத் தாவி வீணாகாமல் பிடித்துக்கொள்வது பக்கத்தில் இருக்கும் கண்டென்சர். கட்டைவிரல் நுனி அளவு தகர டப்பி. அதற்கு வயசானால் இன்ஜின் சூட்டில் மயங்கும், ஆறினால் தெளியும். ஆக, அரை மணி நேரம் எதைச் செய்தாலும் வண்டி கிளம்பும். பத்திரிகை படித்தால்கூடக் கிளம்பும். நான்தான் அந்த அரை மணியில் ஒவ்வொருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் எனக்கும் விஞ்ஞானம் பிடித்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு ஒயரை உருவி, இன்ஜின் பிளாக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டுமாம். நீலமாகப் பளீரென்று தாவினால் நல்ல பொறி. மஞ்சளாக இழுத்தால் சோகை. வண்டி நின்ற இடத்திலேயே மனைவியை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, "நான் சொன்னதும் செல்ஃப் அடி" என்று சொல்லிவிட்டு ஒயரைக் கையில் எடுத்தேன்.

"இப்போவா?" என்றாள்.

"இப்போ இல்லை" என்றேன். நடுவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்ததால் 'இப்போ' வரைக்கும்தான் அவள் காதில் விழுந்தது.

இருபதாயிரம் என்று படித்தது பொய்யில்லை. பொறி நீலமா மஞ்சளா என்று கவனிக்கும் மனநிலையில் நான் இல்லை. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. மனைவி கண்ணாடியை இறக்கி, "பரவாயில்லைங்க, வண்டி ஸ்டார்ட் ஆகாட்டியும் நீங்க ஆயிட்டீங்க" என்றாள்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு மெக்கானிக் கடைப் பையன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மூடியைக் கழற்றினான், ரோட்டாரை உருவினான், சாவியைப் போடச் சொல்லி ஸ்க்ரூ டிரைவரால் பாயிண்டைத் தட்டிப் பிரித்தான். சடசடவென்று அங்கேயே பொறி பறந்தது.

"கண்டென்சர் போச்சு சார்."

"ஏர் லாக்கா இருக்குமோ?" என்றேன், அனுபவஸ்தன் குரலில்.

"ஏர் லாக்குக்கு ஏன் சார் பாயிண்ட் இப்படிக் கருகணும்?"

பதில் இல்லாததால் மானத்தைக் காப்பாற்ற ஃபீலர் கேஜை எடுத்து நீட்டினேன். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதைப் படித்துவிட்டு, அதற்கென்றே வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்த கருவி அது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்தான், புதுக் கண்டென்சரை மாட்டினான், ஒரு கண்ணை மூடி இடைவெளி வைத்தான், ஸ்க்ரூவை முறுக்கினான். அவன் கை கழுவப் போன சமயம் திருட்டுத்தனமாக அளந்து பார்த்தேன். 0.4.

கண்டென்சர் விலை, கூட்டத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த டீக்காசில் கால்வாசிகூட இல்லை. வண்டி இப்போது நிற்பதில்லை. ஆட்டோ அண்ணன் ஈரத்துணியால்தான் சரியானது என்கிறார். மாமியாரிடம் நான் வாதம் செய்வதில்லை.

உங்களிடம் பழைய கார் இருந்து, காலையில் கிளம்பி, சூடானதும் நின்றால், முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். கருகியிருந்தால் பையன் சொன்னதுதான். அதையும் மீறிக் காயில், பிளக் எல்லாம் மாற்றித்தான் தீருவேன் என்றால் கடைக்குப் போகாதீர்கள். கழற்றிய நல்ல சாமான் அத்தனையும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது; பாதி விலைக்குத் தருகிறேன்.